ஐந்தாம் மாடி மீசை

திருக்கடையூரில் ஒரு புது லாட்ஜின் எதிரே, டீக்கடைப் பந்தலை ஒட்டி நின்றுகொண்டு நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாடி உயரத்தில் என் கணவர் சேவியர் ஒரு பெரியவரின் கன்னத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கை எட்டும் தூரத்தில், அதே உயரத்தில், தேன்மொழி அந்தப் பெரியவருடைய மனைவியின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் கயிற்றில் தொங்கினார்கள். கால்கள் சுவரில். கீழே என்னைத் தவிர இன்னும் பத்துப் பேர் வாயைப் பிளந்து நின்றார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் பட்டுச்சேலையும் மாலையுமாக வேனிலிருந்து இறங்கி, கோயிலுக்குப் போக மறந்து அப்படியே நின்றுவிட்டது.

தேன்மொழி ஏதோ சொன்னாள். சேவியர் சிரித்தார். கயிறு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

சிரிப்பு மட்டும்தான் கீழே வந்தது. எதற்குச் சிரித்தார்கள் என்பது வரவில்லை. டீ ஆறிப்போய் என் கையில் இருந்தது.

ஸ்டிக்கரும் ஆளும்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் நானும் சேவியரும் ஒரு பிரிண்டிங் கடை வைத்திருக்கிறோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று டெல்டாவில் மனிதனுக்கு நடக்கிற எல்லாவற்றையும் ஃப்ளெக்ஸில் அடித்துக் கொடுத்தவர்கள். பிறகு வினைலுக்கு வந்தோம். ஃப்ளெக்ஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். வினைல் அப்படியில்லை. பின்பக்கம் பசை உள்ள பெரிய ஸ்டிக்கர். சுவரோடு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐந்து மாடிக்கு ஒரு படம் என்றால் அதைச் செங்குத்தான பட்டைகளாக அச்சடித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மேலிருந்து கீழே ஒட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு பட்டை ஒரு விரல் விலகினால் போதும், மூக்கு ஓரிடம் உதடு ஓரிடம் ஆகிவிடும்.

அளவெடுப்பதும் விலை சொல்வதும் என் வேலை. ஏறுவது சேவியர் வேலை.

விலை பேசுவது லேசான காரியமில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று சொன்னதும் எல்லோரும் கால்குலேட்டரை எடுத்துவிடுவார்கள். உயரம் என்பது அந்த கால்குலேட்டரில் கிடையாது. லாட்ஜ் முதலாளியும் அதைத்தான் கேட்டார். தன் அப்பா அம்மாவின் சதாபிஷேகப் படத்தைக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

"கீழ ஒட்டினாலும் மேல ஒட்டினாலும் அதே ஸ்டிக்கர்தானேம்மா. உயரத்துக்கு எதுக்குத் தனியா காசு?"

"மொத மாடி வரைக்கும் ஸ்டிக்கர்தாங்க. அதுக்கு மேல நீங்க கொடுக்குறது ஆளுக்கு" என்றேன்.

அவர் மசியவில்லை. அரை மணி நேரம் இழுத்தார். பக்கத்தில் சும்மா நின்றிருந்த தேன்மொழி, "சார், ஒரு நிமிஷம் மொட்டை மாடிக்கு வந்து எட்டிப் பாருங்க. அப்பறம் நீங்களே ரேட்டு சொல்லுங்க" என்றாள்.

போனார். எட்டிப் பார்த்தார். திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். "நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றார்.

"பாத்தியா, எப்படிப் பேசுறா!" என்று சேவியர் என் காதில் சொன்னார். இத்தனை வருடமாக வாய் வலிக்கப் பேசி விலை வாங்குகிறவள் நான். என்னைப் பற்றி அவர் யார் காதிலும் அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது.

கயிறு வந்த கதை

தேன்மொழிக்குத் திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இப்போது சொந்தமாக அரை ஏக்கரும் குத்தகைக்குக் கொஞ்சமும் வைத்திருக்கிறார்கள். இவள் டிப்ளமோ முடித்து, தெற்கே காற்றாலைகளில் வேலைக்குப் போனாள். அந்த ராட்சச இறக்கைகளில் கயிறு கட்டித் தொங்கி, துடைத்து, விரிசல் பார்த்து ஒட்டுகிற வேலை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பியவள், கும்பகோணத்தில் நாங்கள் சவுக்குக் கழியில் சாரம் கட்டி ஒரு போர்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது கீழே நின்று பார்த்தாள்.

"அண்ணே, இதுல ஏறி நீங்க இன்னும் உசுரோட இருக்குறதே பெரிய விஷயம்" என்றாள். அதுதான் அவள் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை.

சேவியர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இறங்கி வந்து அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதமே எங்கள் கடைக்குக் கயிறு வந்தது. ஆளுக்கு இரண்டு கயிறு. "ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு உசுருக்கு" என்பாள். சாரத்துக்கு ஆகிற வாடகை மிச்சம், நாள் மிச்சம். கடைக்கு நல்லதுதான். கணக்குப் போடுகிறவளுக்கு அது தெரியாதா?

ஆனால் ஏறுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஒருவர் பெல்ட்டை இன்னொருவர் சோதிக்க வேண்டும். நெஞ்சுப் பட்டை, இடுப்புப் பட்டை, தொடைப் பட்டை, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். விதி அது. உயிர் காக்கிற விதி. அவள் சேவியரின் நெஞ்சுப் பட்டையை வெடுக்கென்று இழுத்து, "ம், சரி" என்பாள். நான் அந்த நேரம் பார்த்து வேனுக்குள் டேப்பைத் தேடுவேன். டேப் என் தோளிலேயே தொங்கும்.

அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். என்னை அக்கா என்றாள். அண்ணே என்று கூப்பிட்டால் பொறாமை வராது என்று யார் சொன்னது? அவர்களுக்குள் தப்பாக ஏதாவது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை எனக்குக் கைவந்த கலை. இது வேறு மாதிரி. அவர் இப்போதெல்லாம் டீக்குச் சர்க்கரை போடுவதில்லை என்பதே அவள் டீக்கடையில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் நான் போட்டுக்கொண்டே இருந்தேன், அவர் குடித்துக்கொண்டே இருந்தார்.

நான் அவரைப் பார்த்தது

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கல்லூரி முடித்து ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காலம். அந்தக் கடை மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய இரும்புச் சட்டம். ஒரு மத்தியானம் அதன் உச்சியில் ஒருவர் நின்றார். பெல்ட் இல்லை, கயிறு இல்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பேனரை இழுத்துக் கட்டினார். ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயில் கட்டுக்கம்பி. என் ஜன்னலைப் பார்த்து, கம்பி வாயிலிருந்தபடியே தலையை ஆட்டினார்.

அன்றைக்கு நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்துவிட்டுத் திட்டு வாங்கினேன்.

கல்யாணத்துக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் ஆனது. "பல்லி மாதிரி செவுத்துல ஒட்டிக்கிட்டுத் திரியிறவனுக்கா?" என்றார். ஆமாம் அப்பா, அவருக்குத்தான் என்றேன். கோயிலில் மாலை மாற்றியபோதுகூட என் கண்ணுக்குள் அந்தச் சட்டத்து உச்சிதான் இருந்தது. இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். உறவுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கதையாகவே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

மொட்டை மாடி

திருக்கடையூர் வேலையின் கடைசி நாள் நான் கீழே நிற்கவில்லை. கயிறு கட்டிய தூண்களைப் பக்கத்தில் இருந்து கவனிக்கிறேன் என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போனேன். உண்மையில் போனது காது கொடுக்கத்தான்.

சுவரில் முதலாளியின் அம்மா முழுதாக முடிந்திருந்தார். அப்பாவுக்கு ஒரு பட்டைதான் பாக்கி. காதும் தோளும் உள்ள ஓரப் பட்டை. இருவரும் எனக்கு ஒரு மாடி கீழே, சுவர் பார்த்துத் தொங்கினார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் பேச்சு சுத்தமாகக் கேட்டது.

"இன்னைக்கு எப்படிண்ணே இருக்கு?"

"பயமாத்தான் இருக்கு. காலைல வாந்தி எடுத்துட்டேன்."

"வெறும் வயித்துல ஏறாதீங்கன்னு சொன்னேன்ல. மூச்ச விடுங்க. நான் போன வாரம் எங்க ஊர் பஸ்ல நடந்தது சொல்றேன் கேளுங்க."

ஏதோ ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு கண்டக்டர். சேவியர் சிரித்தார். நான் கீழே நின்று கேட்ட அதே சிரிப்பு. பக்கத்தில் கேட்கும்போது அதில் ஒரு நடுக்கம் இருந்தது.

"அக்காட்ட சொல்லிருங்கண்ணே. எத்தன நாளைக்கு இப்படி?"

"யார்ட்ட வேணும்னாலும் சொல்லுவேன் தேனு. அவகிட்ட மட்டும் முடியாது."

நான் கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டேன். பக்கத்து வயலில் சம்பா பச்சையாக நின்றது. அதைப் பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. தன் பயத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கடையில், ஒரே வேனில் இருக்கிற எனக்கு அது இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டுக் கீழே வைத்த டம்ளர்தான்.

அப்போது காற்று திரும்பியது.

காது

அந்தப் பக்கம் கடல் கிட்ட. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும் என்பது தெரிந்ததுதான். அதற்குள் முடிந்துவிடும் என்று இருந்தோம். அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. பாதி ஒட்டி, பாதி தொங்கிக்கொண்டிருந்த பட்டை ஒரே மூச்சில் புடைத்து, சேவியரைச் சுவரிலிருந்து பிடுங்கி வெளியே எறிந்து, மறுபடி சுவரில் மோதியது. பசைப் பக்கம் அவர் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டது.

"என்னங்க!" என்று கத்தினேன்.

அவர் மேலே பார்த்தார். வினைலுக்கு நடுவே ஒரு கண் மட்டும் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண் மாறியது. இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உடம்பு மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"என்னங்க, விடுங்க, கீழ எறங்குங்க! ஐயோ, மாதாவே!"

"அக்கா" என்றாள் தேன்மொழி. சத்தம் போடவில்லை. "கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

என் கணவரிடம் என்னைப் பேச வேண்டாம் என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நான் பேசப் பேச அவர் பிடி இறுகுவது எனக்கே தெரிந்தது.

அவள் சுவரில் காலை உதைத்து ஆடி அவர் பக்கம் போனாள். இடுப்பிலிருந்து பிளேடை எடுத்து, ஒட்டின இடத்துக்கும் ஒட்டாத இடத்துக்கும் நடுவே ஒரே கீறாகக் கீறினாள். அவர் தோளிலிருந்து அதை உரித்துவிட்டு, அவரைப் பெரியவர் முகத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டாள். முதலாளியின் அப்பாவுடைய காது காற்றில் மிதந்து போய்ச் சம்பா வயலில் விழுந்தது. கீழே யாரோ கைதட்டினார்கள், வேலையில் ஒரு பகுதி என்று நினைத்து.

"அண்ணே, என்னப் பாக்க வேணாம். கீழயும் வேணாம். செவுத்தப் பாருங்க. எதிர்க்க என்ன இருக்கு?"

அவர் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

"எதிர்க்க என்னண்ணே?"

"மூக்கு."

"யாரு மூக்கு?"

"பெரியவரு மூக்கு."

"மூக்குக்குக் கீழ?"

"மீசை."

"அவ்வளவுதான். மீசை வரைக்கும் எறங்குவோம். நான் பிடிச்சிருக்கேன்."

அவர் இடுப்பில் இருந்த, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கும் பிடியை அவளே இயக்கினாள். மீசை வந்தது. அந்த மீசை ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆள் நீளம். அங்கே கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு உதடு. பிறகு முகவாய். மாலையில் ரோஜா, சம்பங்கி என்று பூப் பூவாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். நான் மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, சத்தம் வராமல், அவர்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவரின் கூப்பிய கைகளைத் தாண்டியதும் என் கணவரின் கால் தரையில் பட்டது.

அவர் பிழைத்துவிட்டார் என்ற நிம்மதி எனக்கு முழுதாக வந்தது. அதோடு, காப்பாற்றியது நான் இல்லை என்பதும் வந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன. படிக்கட்டில் ஐந்து மாடியும் நான் ஓடி இறங்குவதற்குள் அவள் அவர் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் எழுந்து இடம் விட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

ஆடுதுறைக்கு அப்பால்

வேனைத் தேன்மொழி ஓட்டினாள். மயிலாடுதுறை தாண்டினோம். ஆடுதுறையில் அவள் இறங்கி, திருப்பனந்தாள் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது, "அக்கா, திட்டாதீங்க அண்ணன" என்றாள். அதைச் சொல்லவும் அவளேதானா என்று இருந்தது.

நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன்.

"எப்பருந்துங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரவுண்டானாகிட்ட ஒரு போர்டு என்னோட சேத்து ஆடுச்சே. அன்னையிலருந்து."

அது நடந்தபோது எங்கள் சின்னவள் பிறக்கவே இல்லை.

"அப்பருந்தா? இத்தன வருஷம் பயந்துகிட்டா ஏறினீங்க?"

"ம்."

"அவகிட்ட சொன்னீங்க. என்கிட்ட சொல்லலாம்ல? நான் என்ன அந்நியமா?"

"உன்கிட்ட எப்படி ஸ்டெல்லா சொல்றது? மேல நின்னவனப் பாத்துத்தானே நீ கட்டிக்கிட்ட. நீயும் அதத்தான் எல்லார்ட்டயும் சொல்ற. கீழ எறங்கிட்டா நான் யாரு?"

வண்டியை ஓரம் கட்டினேன். பக்கத்தில் வாய்க்கால் நிறைய ஓடியது. அழ வேண்டும் என்று கட்டவில்லை. எதிரே வந்த அறுப்பு மிஷினுக்கு வழி விட வேண்டியிருந்தது. ஆனால் நின்ற பிறகு அழுதேன். அவரும் அழுதார். பிறகு பசிக்கிறது என்றார். கும்பகோணத்தில் இட்லி சாப்பிட்டோம். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று நானே கடைக்காரரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு

சேவியர் இப்போது ஏறுவதில்லை. கடையில் உட்கார்ந்து அச்சு வேலை பார்க்கிறார். நிறம் பார்ப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பது தெரியவந்திருக்கிறது. இரவில் நன்றாகத் தூங்குகிறார். காற்றாலையில் கூட வேலை பார்த்த ஒரு பெண்ணைத் தேன்மொழி அழைத்து வந்தாள். அவர்கள் இருவரும்தான் பெரியவருக்குக் காதை ஒட்டினார்கள். வேலை நடக்கிற இடத்துக்கு அவர்களோடு நான் போகிறேன்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் கயிறு கட்டும் முன் அவள் சேவியருக்கு போன் போட்டு இரண்டு வார்த்தை பேசுவாள். பேசட்டும் என்று தள்ளி நிற்பேன். எத்தனை அடி தள்ளி நின்றால் கேட்கும், எத்தனை அடிக்குக் கேட்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சென்ற பொங்கலுக்கு முன்னால் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை. நான்கு மாடிக் கண்ணாடி முகப்பு. கடைக்காரர் கீழே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பெல்ட் எல்லாம் போட்டு, மொட்டை மாடி விளிம்புவரை போன தேன்மொழி அங்கேயே நின்றுவிட்டாள். என் போன் அடித்தது.

"அக்கா."

"என்னடி, பொருள் எதும் விட்டுட்டியா?"

"இல்லக்கா." அவள் மூச்சு கேட்டது. "இன்னைக்கு என்னமோ பயமா இருக்கு. ஏன்னு தெரியல."

மேலே பார்த்தேன். வெயிலில் அவள் முகம் தெரியவில்லை. நான் கத்தவில்லை. "அண்ணன்ட்ட பேசுறியா?" என்றேன்.

"வேணாம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"அப்ப எறங்கி வா. படிக்கட்டு வழியா வா. நான் பேசிக்கிறேன்."

கடைக்காரர் குதித்தார். நாளைக்கு வருகிறோம் என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். பாருங்கள் என்றேன். பெல்ட்டைக் கழற்றாமலே அவள் வந்து என் பக்கத்தில், வேனின் பின்பலகையில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் சேவியர் கேட்டார், "என்ன, வேலை முடியலயா?"

"காத்து சரியில்லீங்க" என்றேன்.

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. திரும்பி அச்சு மிஷின் பக்கம் போனார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.